வளைவு எத்தனை

நவம்பர் 4
மகனின் சளியில் மறுபடியும் சூடோமோனாஸ் கிருமி. அவனுக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய்: நுரையீரலில் சளி கெட்டியாகித் தங்கும், வியர்வையில் உப்புக் கூடும். மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் சளி எடுக்கிறார்கள். அவ்வளவு நேரமும் என் பெருவிரலை விடவே இல்லை அவன். இன்று இரத்தமும் எடுத்தார்கள், கிருமியை எதிர்க்க உடம்பு செய்கிற பிறபொருளெதிரி கூடியிருக்கிறதா என்று பார்க்க.

நவம்பர் 5
கிருமிகொல்லி மருந்துகள்: நெபுலைசரில் கொலிஸ்டின் இரண்டு வேளை, சிப்ரோ குளிசை இரண்டு வேளை. மூன்று மாதத்துக்கு.

நவம்பர் 8
சிங்க் ஓட்டை, ஷவர், பூச்சாடித் தண்ணீர் என்று ஈரம் நிற்கிற இடமெல்லாம் இந்தக் கிருமி இருக்கக்கூடுமாம். பிறந்தநாள் பூவை எடுத்து எறிந்தேன். தண்டு வழுவழுவென்று இருந்தது. நுரையீரலிலும் இப்படித்தான் பிசின் பூசிக்கொண்டு கூட்டமாக உட்காரும். கையை மூன்று தடவை கழுவினேன்.

நவம்பர் 11
"எதிர்ப்புச் சக்தி கூடினால் நல்லதுதானே பிள்ளை?" என்று அம்மா தொலைபேசியில் கேட்கிறா. என்ன சொல்வது? பள்ளிக்கூடத்தில் பிறபொருளெதிரி என்று படித்தபோது அது நம் பக்கத்து ஆள். அம்மை ஒருமுறை வந்தால் உடம்பு அதை மறக்காது என்றார்கள். இங்கே அந்தப் பிசினுக்குள் இருக்கிற கிருமியை அதனால் ஒழிக்க முடிவதில்லை. ஒட்டிக்கொண்டு குவிகிறது, வெள்ளணுக்களைக் கூப்பிடுகிறது, அவை கொட்டுகிற நொதி பிள்ளையின் சுவாசப்பையையே அரிக்கிறது. கூடக் கூடக் கேடு.

இதே கோபன்ஹேகனில் 1970களில் நீல்ஸ் ஹொய்பி என்ற மருத்துவர் இதை எண்ணிப் பார்த்தார். ஜெல் தட்டில் கிருமிச் சாறும் நோயாளியின் இரத்தச் சீரமும் சந்திக்கிற இடத்தில், பிறபொருளெதிரி இருந்தால் வளைவுகள் விழும். 0, 1 என்றால் வழமை. 2 அல்லது அதற்கு மேல் என்றால் கிருமி குடியேறிவிட்டது என்று இங்கே கணக்கு. என் பிள்ளையின் உடம்பு சண்டைக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்கிறேன். எந்தத் தாய் இப்படிக் கேட்பாள்?

நவம்பர் 12
நெற்றியில் கொஞ்சினேன். உப்பு.

நவம்பர் 15
இதே நோயுள்ள ஒரு சிறுமியின் தாயுடன் ஒரு மணி நேரம் கதைத்தேன். இரண்டு வருடமாகத் தொலைபேசியில் மட்டும்தான் பழக்கம். பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கக்கூடாது, ஒன்றின் கிருமி மற்றதற்குப் போய்விடும். அவளுடைய மகளுக்கு ஏற்கெனவே வளைவு 2 தாண்டிவிட்டது. என் பயத்தை அவளிடம் சொன்னது தப்பு. வைத்த பிறகுதான் உறைத்தது.

நவம்பர் 18
இரத்தப் பரிசோதனைக்கு இன்னும் பதில் இல்லை. இரவு முழுக்க இருமினான்.

நவம்பர் 20
1.

நவம்பர் 21
போன தடவை 0.

நவம்பர் 23
சிங்க் ஓட்டையில் கொதிநீர் ஊற்றினேன். நாளை எட்டு மணிக்குச் சளி எடுக்கப் போக வேண்டும். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.