அப்பாவின் 1035 டிராக்டருக்கு ஒரு பழைய ஸ்லாஷர்

தோப்புக்கு, டிராக்டரில் மாட்டிப் புல் வெட்டும் ஸ்லாஷர் ஒன்று பழசாகக் கிடைக்கிறது, வாங்கலாம் என்றிருக்கிறேன் என்று சொன்னதும் சித்தப்பா கேட்டார்: "ரோட்டவேட்டர் சும்மாதானே நிக்குது கண்ணு, ஒரு ஓட்டு ஓட்டினா ஆகாதா?"

ஆகும். பதினைந்து நாள் தோப்பு பளிச்சென்று இருக்கும். ஆனால் எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் கோரை. மண்ணைக் கிளறிப் போடும் ரோட்டவேட்டர் கோரைக்கிழங்கை மண்ணுக்குள்ளேயே பிரித்துப் பிரித்து மூலைக்கு மூலை நட்டுவிட்டுப் போகிறது. அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாக வருகிறது. ஸ்லாஷரால் வெட்டிப் போட்டால் புல் அங்கேயே மூடாக்காகக் கிடக்கும், மண்ணும் காயாது. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஆனைமலைப் பக்கம் புல் வளரும் வேகம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வண்டி அப்பா ஓட்டிய மாஸி ஃபெர்குசன் 1035. 1956-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் வெளிவந்த ஃபெர்குசன் 35-ன் வழிவந்தது. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் தயாரித்தது. மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜின். காலையில் ஒரு முறை இருமிவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரை முணுமுணுக்காது. ஸ்லாஷரோ உடுமலைப் பக்கம் ஒரு மாந்தோப்பில் மழையில் நனைந்து கிடந்தது. ஐந்தடி அகலம். ஓர் அடி வெட்டுக்கு பி.டி.ஓ.வில், அதாவது டிராக்டரின் பின்னால் கருவிகளைச் சுழற்றும் முனையில், ஐந்து குதிரைத்திறன் என்பது பழைய கணக்கு. எங்கள் வண்டிக்கு ஐந்தடி சரி, ஆறடி என்றால் திணறும்.

முதல் சிக்கல் மாட்டுகிற இடத்திலேயே வந்தது. அது பெரிய வண்டிக்காகச் செய்த ஸ்லாஷர். கீழே மாட்டும் பின் (இரும்பு முளை) 28 மில்லிமீட்டர், எங்கள் வண்டியின் தூக்கும் கை ஏற்பது 22. மேலே மாட்டும் டாப் லிங்க் பின்னும் அப்படித்தான், அங்கே 25, இங்கே 19. பின்னை மட்டும் மாற்றிவிடலாம் என்று பார்த்தால், கீழ்ப் பின்கள் இருக்கும் இரண்டு காதுகளுக்கும் நடுவில் உள்ள அகலமும் பொருந்தவில்லை. பெரிய வகைக்கு 825 மில்லிமீட்டர், சின்ன வகைக்கு 683. கையை இழுத்துப் பிடித்து மாட்டலாம்தான், நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பொள்ளாச்சியில் எங்களுக்கு வழக்கமான லேத் பட்டறை அண்ணன் காதுகளை வெட்டி உள்ளே தள்ளி வெல்டு வைத்துக் கொடுத்தார். "அம்மிணி, இரும்பு நல்ல இரும்புங்க, இப்பல்லாம் இந்தத் தடிமன்ல யாரும் போடறதில்ல" என்று தட்டிப் பார்த்துச் சொன்னார்.

ஸ்லாஷரின் கியர் பாக்ஸைத் திறந்தால் பாலும் காபித் தூளும் கலந்த மாதிரி ஓர் எண்ணெய். தண்ணீர் இறங்கியிருக்கிறது. டீசல் ஊற்றி அலசி, கீழே உள்ள ஆயில் சீல் ஒன்றை மாற்றி, 90 கியர் ஆயில் ஊற்றினோம். பற்கள் தேயவில்லை. பிளேடுகளை விறைப்பாக இறுக்கிவிடக் கூடாது, போல்ட்டில் தளர்வாகத் தொங்கவேண்டும். சுற்றும்போது தானாக விரிந்துகொள்ளும், கல் பட்டால் மடங்கிக்கொள்ளும். கூர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் நின்று பார்த்தால் பி.டி.ஓ. கடிகாரச் சுற்றில் சுற்றும். அதனால் தட்டு எந்தப் பக்கம் சுற்றுகிறதோ, அந்தச் சுற்றில் கூர் முன்னால் வரவேண்டும். தலைகீழாக மாட்டினால் புல்லை வெட்டாது, அடித்து நசுக்கும்.

இனி முக்கியமான விஷயம். எங்கள் 1035-ல் ஒற்றைக் கிளட்ச். இன்ஜினிலிருந்து வரும் விசை ஒரே கிளட்ச் வழியாகத்தான் சக்கரத்துக்கும் போகிறது, பி.டி.ஓ.வுக்கும் போகிறது. ரோட்டவேட்டருக்கு இது பெரிய தொல்லை இல்லை, மண்ணே அதைப் பிடித்து நிறுத்திவிடும். ஸ்லாஷர் அப்படியில்லை. அடியில் கனத்த தட்டு ஒன்று காற்றில் சுழன்றுகொண்டிருக்கிறது. நாம் கிளட்ச்சை மிதித்தாலும் அது சுழலும். அந்தச் சுழற்சி, ஸ்லாஷரை பி.டி.ஓ.வோடு இணைக்கும் ஷாஃப்ட் வழியாகத் திரும்பி வண்டியின் கியர் பாக்ஸுக்குள் வந்து சக்கரத்தை உருட்டும். கிளட்ச்சும் மிதித்தாயிற்று, ஆக்ஸிலேட்டரும் குறைத்தாயிற்று, வண்டி மட்டும் மரத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். பிரேக்கில் ஏறி நின்றால்தான் நிற்கும். எங்கள் தோப்பில் மரத்துக்கு மரம் 25 அடி, ஓரத்தில் கிணறு வேறு.

இதற்கு மருந்து, பி.டி.ஓ. முனையில் மாட்டும் ஒரு சின்ன ஃப்ரீவீல். சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுகிறதே, அதே வேலைதான். இன்ஜின் தட்டைச் சுழற்றலாம், தட்டு திரும்பி வண்டியை உருட்ட முடியாது. எங்கள் பி.டி.ஓ. முனை ஆறு பல், 1 3/8 அங்குலம், அதாவது சுமார் 35 மில்லிமீட்டர். பழைய சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ.20 வைத்திருப்பவர்களுக்கு அந்த முனை 1 1/8 அங்குலம்தான், அதனால் அளவு கூட்டும் ஸ்லீவும் சேர்த்து வாங்கவேண்டும்.

ஃப்ரீவீல் மாட்டியதும் ஷாஃப்ட் நாலு அங்குலம் பின்னால் தள்ளிப்போகும். ஆகவே ஷாஃப்ட்டை அறுப்பது அதற்குப் பிறகுதான். ஸ்லாஷரை மெல்லத் தூக்கி இறக்கி, இரண்டு முனையும் மிக நெருங்கும் உயரத்தில் நிறுத்தி, ஷாஃப்ட்டின் இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் குறித்தோம். உள்குழாய், வெளிக்குழாய் இரண்டிலும் ஒரே அளவு அறுக்கவேண்டும். நெருங்கும்போது இடிக்கக் கூடாது, விலகும்போது மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்கவேண்டும். அறுத்த விளிம்பை அரத்தால் தேய்த்து, கிரீஸ் தடவிக் கோத்தோம். கோக்கும்போது இரண்டு முனையிலும் உள்ள கிராஸ் மூட்டின் கவைகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். ஒன்று குறுக்கே திரும்பியிருந்தால் வண்டியே உதறும், கிராஸ் சீக்கிரம் போகும்.

ஷாஃப்ட்டின் மேல் உறையைப் பலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். சித்தப்பா தோளில் எப்போதும் துண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் கம்பியில் துண்டு நுனி பட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை, எங்கள் பக்கத்தில் அந்த மாதிரிக் கதை எல்லாருக்கும் தெரியும். உறை புதிதாக வாங்கிப் போட்டேன். அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார்.

வேலையில் இறக்கியபோது வெட்டு நன்றாகவே வந்தது, முன்பக்கத்தைப் பின்பக்கத்தைவிட ஓர் அங்குலம் தாழ்த்திய பிறகு. கிளட்ச்சை மிதித்தால் வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது. ஒன்று பழக வேண்டும்: இதே கிளட்ச்தான் கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்பையும் நிறுத்துகிறது, எனவே மிதித்துக்கொண்டே ஸ்லாஷரைத் தூக்க முடியாது. நியூட்ரலில் போட்டு, கிளட்ச்சை விட்டு, அப்புறம் தூக்கவேண்டும். வண்டி நின்ற பிறகும் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும், அது ஓயும்வரை இறங்கக் கூடாது.

மட்டைகளை முன்கூட்டியே பொறுக்கிவிடுகிறோம். ஆனாலும் புல்லுக்குள் பழைய அடிக்கட்டை ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். அதில் மோதினால் கியர் பாக்ஸ் தப்பிக்க ஷாஃப்ட்டில் ஒரு ஷியர் போல்ட் இருக்கிறது, உடைவதே அதன் வேலை. ஹார்டுவேர் கடையில் கேட்டால் நல்ல கெட்டியானதாக எடுத்துத் தருகிறார், "இது ஜென்மத்துக்கும் உடையாதுங்க" என்கிறார். உடையாதது வேண்டாம், உடைகிற போல்ட்டாகக் கொடுங்கள் என்றால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.