மூன்று நிமிட ஆய்வுரைக்குத் தயாராகிறவர்களுக்கு: சிரிப்பை எங்கே வைப்பது, மனத்தை எப்போது திறப்பது

மேடையில் மூன்று நிமிடம், திரையில் அசையாத ஒரே ஒரு படவில்லை, கையில் எந்தப் பொருளும் கூடாது, நேரம் தாண்டினால் போட்டியிலிருந்து நீக்கம். முனைவர் பட்ட மாணவர்களுக்கான மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டியின் முக்கிய விதிகள் இவைதான். இதை 2008இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் தொடங்கியது. அம்மாநிலத்தில் கடும் வறட்சி நிலவிய காலம் அது. மக்கள் விரைவாகக் குளித்து முடிப்பதற்காகக் குளியலறைச் சுவரில் மூன்று நிமிடக் கடிகாரத்தைப் பொருத்தி வைத்திருந்தார்கள். அதிலிருந்துதான் அங்கு முதுகலைப் படிப்புகளுக்குத் தலைவராக இருந்த பேராசிரியர் ஆலன் லாசனுக்கு இந்த எண்ணம் பிறந்தது. இன்று மலேசியப் பல்கலைக்கழகங்களிலும் இப்போட்டி நடைபெறுகிறது. பினாங்கில் நான் பயிலும் பல்கலைக்கழகத்தில் புல அளவிலான சுற்றில் தேர்வாகி அடுத்த சுற்றுவரை சென்ற அனுபவத்தை, இனி மேடையேறப்போகும் நம் மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

நகைச்சுவையும் மனம்திறந்த பேச்சும் ஓர் உரையைத் தூக்கி நிறுத்தும் என்று பயிற்சிப் பட்டறைகளில் எல்லாரும் சொல்வார்கள். ஆனால், அவை எங்கிருந்து வர வேண்டும் என்பதை யாரும் போதிய அளவு வலியுறுத்துவதில்லை. இரண்டும் ஆய்வுப் பொருளுக்குள்ளிருந்தே வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூட்டத்தைக் கலகலப்பாக்க எங்கோ கேட்ட துணுக்கு ஒன்றை முன்னால் ஒட்டிவைத்தால், அதற்குச் செலவாகும் இருபது வினாடியில் உங்கள் ஆய்வு ஓர் அங்குலம்கூட நகராது. அவையினரும் துணுக்கை நினைவில் வைத்துக்கொண்டு ஆய்வை மறந்துவிடுவார்கள்.

என் ஆய்வு, அடுக்குமாடி வீடுகளில் ஏடிஸ் கொசு எங்கெங்கே முட்டையிடுகிறது என்பதைப் பற்றியது. கறுப்பு டப்பாவில் தண்ணீர் ஊற்றி, சொரசொரப்பான பலகைத் துண்டு ஒன்றை அதில் நிற்கவைத்து, சில நாள்கள் கழித்துப் பலகையில் ஒட்டியிருக்கும் முட்டைகளை எண்ணுவதே வேலை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கொசுவின் குணத்தைக் கூர்ந்து பார்த்தால் போதும், சிரிப்பு தானாக வரும். நான் மேடையில் சொன்ன வரிகள் இவை: “ஏடிஸ் அம்மையாருக்கு அழுக்குச் சாக்கடையைவிடத் தெளிந்த நீர்தான் பிடிக்கும். நிழல் வேண்டும், பூச்சாடித் தட்டில் நல்ல தண்ணீர் வேண்டும், கூப்பிடு தூரத்தில் சாப்பாடும் வேண்டும். வாடகை மட்டும் கேட்காதீர்கள்.” அவை சிரித்தது. அடுத்த வரி: “சாப்பிடும்போது நீங்கள் கையை ஓங்கினால் கோபித்துக்கொள்ளாமல் எழுந்துபோய், பக்கத்தில் இருப்பவரிடம் மிச்சத்தைச் சாப்பிடும்.” மறுபடியும் சிரிப்பு. அதற்கடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிட்டது: “ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பலருக்கு டிங்கி காய்ச்சல் வருவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.”

இந்த மூன்றாவது வரிக்காகத்தான் முதல் இரண்டும் இருந்தன. கேட்பவர் சிரிக்கும்போது அவருடைய கவனம் முழுமையாக உங்கள் பக்கம் இருக்கிறது. ஆய்வின் கனமான செய்தியை வைக்க அதைவிடச் சிறந்த நேரம் இல்லை. நகைச்சுவை வரி ஒவ்வொன்றையும் எழுதியபின், யாருமே சிரிக்காவிட்டாலும் இந்த வாக்கியம் ஒரு தகவலாக நிற்குமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நிற்கும் என்றால் வைத்துக்கொள்ளலாம், அவை சிரிக்காத நாளிலும் நீங்கள் தடுமாற வேண்டியிருக்காது. நிற்காது என்றால் எவ்வளவு அழகான வரியானாலும் எடுத்துவிடுங்கள்.

நம் அரங்குகளில் மலாய், சீன, தமிழ் மாணவர்களோடு வெளிநாட்டு மாணவர்களும் அமர்ந்திருப்பார்கள். சொல் விளையாட்டு ஒரு மொழியைத் தாண்டியதும் உயிரிழந்துவிடும். இனம், சமயம், உச்சரிப்பு, உடலமைப்பு ஆகியவற்றை வைத்துச் செய்யும் கேலி ஒருவரைச் சிரிக்கவைத்து இன்னொருவரைத் தலைகுனிய வைக்கும். அதற்கு எந்த மேடையிலும் இடமில்லை. மாலை வேளையில் கொசுவைக் குறிவைத்துத் தன் காலிலேயே அறைந்துகொள்ளாதவர் இந்தத் தீவில் யாரும் இருக்க முடியாது. எல்லாரும் பட்ட அனுபவத்தைத் தொட்டால் எல்லாரும் சிரிப்பார்கள்.

மனம் திறப்பதற்கு வருவோம். இதில்தான் கூடுதல் கவனம் தேவை. சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1966இல் தம் குழுவினருடன் ஓர் ஆய்வை வெளியிட்டார். வினாடி வினாவுக்குத் தேர்வாக முயலும் ஒருவரின் ஒலிப்பதிவை மாணவர்கள் கேட்டார்கள். ஒரு பதிவில் அவர் 92 விழுக்காட்டுக் கேள்விகளுக்குச் சரியாக விடையளித்தார்; இன்னொன்றில் 30 விழுக்காட்டுக்கு மட்டுமே. சில பதிவுகளின் முடிவில் அவர் காப்பியைத் தம்மேல் கொட்டிக்கொண்டார். திறமையானவர் கொட்டிக்கொண்டபோது அவர்மீது விருப்பம் கூடியது. சுமாரானவர் கொட்டிக்கொண்டபோது இருந்த விருப்பமும் குறைந்தது. மேடைப் பேச்சாளருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி கிடைப்பது அரிது. உங்கள் தகுதி அவைக்குத் தெரிவதற்கு முன்பே பலவீனத்தைக் காட்டினால் அது பலவீனமாகவே பதியும்.

“எனக்கு ஒன்றும் தெரியாது, பிழையிருந்தால் பொறுத்தருள்க” என்று தொடங்கும் வழக்கம் தமிழ்ப்பள்ளிப் பேச்சுப்போட்டி நாள்களிலிருந்தே நம்மில் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. அவையடக்கம் நம் மரபுதான். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைப் போல இராமன் கதையைச் சொல்ல வந்தேன் என்று கம்பர் சொன்னதில் பணிவும் இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. ஆனால், அந்த அடக்கத்தைத் தொடர்ந்து தம்மை நிறுவிக்கொள்ள அவருக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் இருந்தன. உங்களுக்கு இருப்பவை நூற்றெண்பது வினாடிகள். முதல் நிமிடத்தில் சிக்கல் என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லி நம்பிக்கையைப் பெற்றுவிடுங்கள். மனம் திறப்பது அதற்குப் பிறகுதான்.

நான் இளங்கலை படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு டிங்கி கண்டது. இரத்தத் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 150,000க்குக் குறையாமல் இருக்க வேண்டும். வார்டில் அதை ஆயிரக்கணக்கில் சுருக்கி, நேற்று 62, இன்று 41 என்று சொல்வார்கள். ஒவ்வொரு காலையும் தாதியர் சொல்லும் அந்த எண்ணைக் கையிலிருந்த ரசீதின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். அது இறங்கும்போது என்ன கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அம்மா நலமாகிப் பட்டர்வொர்த் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பயம் என்னை விடவில்லை. இந்த ஆய்வை நான் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

இதை மேடையில் சொல்லலாமா என்று முதலில் அம்மாவிடம் கேட்டேன். “சொல்லு. வார்டுல நான் பட்ட பாட்டையெல்லாம் சொல்ல வேணாம், அந்த நம்பரை மட்டும் சொல்லு, போதும்,” என்றார். எத்தனையோ பயிற்றுநர்கள் சொல்லித்தராததை அம்மா சொல்லிவிட்டார் என்றே இன்றும் நினைக்கிறேன். ரசீதையும் அதிலிருந்த எண்களையும் மட்டும் இரண்டு வாக்கியங்களில் சொன்னேன். அழுகை, வேதனை, பயம் என்ற சொற்கள் எதையும் பயன்படுத்தவில்லை. அதைத் தொடர்ந்து, காய்ந்துபோன தட்டிலும் ஏடிஸ் முட்டை பல மாதங்கள் உயிரோடு ஒட்டியிருக்கும், ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்ற செய்திக்கு வந்தேன். தட்டைத் தேய்க்கச் சொல்வது சாதாரண அறிவுரைதான். அந்த எண்களுக்குப் பிறகு கேட்டபோது அதற்கு வேறொரு கனம் இருந்தது.

உங்கள் சொந்த வாழ்விலிருந்து ஒன்றை எடுக்கும்போது, அது ஆறிய காயமாக இருக்கட்டும். நெருங்கிய நண்பரிடம் குரல் உடையாமல் சொல்ல முடியாத ஒன்றை நடுவர்முன் சொல்லாதீர்கள். அவை உரையை விட்டுவிட்டு உங்களைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிடும். இன்னொருவரும் சம்பந்தப்பட்டிருந்தால் அவருடைய சம்மதம் கட்டாயம். உரையின் முடிவில் இதை வைப்பது இரக்கத்தால் மதிப்பெண் கேட்பதுபோல் ஆகிவிடும் என்பதால், நடுவில் வையுங்கள்.

ஒத்திகையை உங்கள் துறை சாராதவர்கள்முன் செய்யுங்கள். குளுகோர் மாமாக் கடையில் தே தாரிக்கைச் சுற்றி அமர்ந்த கணக்கியல், கட்டடக்கலை மாணவர்கள்தாம் எனக்கு வாய்த்த சிறந்த நடுவர்கள்; அவர்கள் புருவத்தைச் சுருக்கிய இடங்களில் எல்லாம் சொல்லை மாற்றினேன். சிரிப்பு நேரத்தைத் தின்னும் என்பதால், தனியாகப் பேசும்போது உரை இரண்டு நிமிடம் நாற்பது வினாடிக்குள் முடிந்துவிட வேண்டும். சிரிப்பு எழும்போது அதன்மேல் பேசாதீர்கள். தணியத் தொடங்கும்போது அடுத்த வரியை எடுங்கள்.

முனைவர் பட்டத்துக்கான இறுதி வாய்மொழித் தேர்வு வேறு களம். அங்கே நகைச்சுவைக்கு அதிக வேலையில்லை; தேர்வாளர் சிரித்தால் சேர்ந்து புன்னகைத்தால் போதும். மனம் திறப்பதற்கோ அங்கும் இடமுண்டு. உங்கள் ஆய்வின் வரம்புகளை அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்களே சொல்லுங்கள். சொல்லும்போது, வாய்ப்புக் கிடைத்தால் அந்த வரம்பை எப்படிக் கடப்பீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும், அதற்கான பதிலும் உங்களிடம் தயாராக இருக்கும்.