அமேசான்: செயற்கைக்கோளும் நடைச்சீட்டும்

பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, அமேசானில் ஓராண்டில் எவ்வளவு காடு அழிக்கப்பட்டது என்பதைப் பிரோதெஸ் என்னும் திட்டத்தின் மூலம் 1988 முதல் கணக்கிட்டு வெளியிடுகிறது. ஒவ்வோராண்டும் அந்தக் கணக்கைத் தேடிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. 2004-இல் 27,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியிருந்த அழிவு 2012-இல் ஏறத்தாழ 4,600 ஆகக் குறைந்தது. இதில் 2004-இல் தொடங்கிய தெதேர் எச்சரிக்கை முறைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆண்டு முடிந்தபின் கணக்குச் சொல்வதோடு நில்லாமல், காடு அழிந்துகொண்டிருக்கும்போதே அந்த இடத்தைச் சுற்றுச்சூழல் அமலாக்க அமைப்பான இபாமாவுக்கு அது காட்டிக்கொடுத்தது. விதிமீறிய பண்ணைகளுக்கு வங்கிக் கடன் கிடைக்காதபடி 2008-இல் வந்த விதியும் கூடச் சேர்ந்தது.

காட்டை அழிப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. தொடக்ககாலத் தெதேரின் கண்ணுக்கு 25 ஹெக்டேருக்குக் குறைவான திட்டுகள் எளிதில் தப்பிவிடும் என்பதால், சிறு சிறு துண்டுகளாக வெட்டத் தொடங்கினர். 2015-இல் வந்த மேம்பட்ட முறையில் சீன-பிரேசில் கூட்டுச் செயற்கைக்கோளின் படங்களோடு, நம் நாட்டின் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் படங்களும் பயன்பட்டன. பிரேசில் முழுவதுமாகத் தானே வடிவமைத்த அமேசோனியா-1 செயற்கைக்கோளை 2021 பிப்ரவரி 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சுமந்து சென்றதை இங்கே பலர் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள்.

இத்தனை இருந்தும் செயற்கைக்கோள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாக விலையுயர்ந்த இப்பே மரத்தை மட்டும் வெட்டிச் சென்றால், மேலிருந்து பார்க்கையில் காடு பெரும்பாலும் காடாகவே தெரியும். கிளைகளின் இடைவெளியும் சில ஆண்டுகளில் மூடிவிடும். முறையான காட்டு மேலாண்மைத் திட்டத்தில், இயந்திரம் கொண்டு வெட்டுவோர் ஹெக்டேருக்கு 30 கன மீட்டருக்கு மேல் எடுக்காமல், 35 ஆண்டுச் சுழற்சியில் வெட்டலாம் என்பது விதி. மோசடி இந்தத் திட்டத்தின் காகிதத்திலேயே தொடங்குகிறது. காட்டில் இல்லாத இப்பே மரங்களைப் பட்டியலில் ஏற்றி, அவற்றுக்குக் கிடைக்கும் மிகுதி அனுமதியைக் கொண்டு, பழங்குடியினர் நிலங்களில் திருடிய மரத்துக்கு நடைச்சீட்டு, அதாவது மரத்தைக் கொண்டுசெல்வதற்கான அனுமதிச் சீட்டு, வாங்கிவிடுகிறார்கள். 2006 முதல் நடைச்சீட்டு மின்னணு முறைக்கு மாறியதால் வேகம் கூடியதே தவிர, பொய்ப் பட்டியல் பொய்ப் பட்டியலாகவே இருந்தது.

2022-இல் அறிமுகமான புதிய முறை, மரத்தை வெட்டிய இடம்வரை பின்தொடர முயல்கிறது. எனக்கு இது எச்சரிக்கைப் படங்களைவிட முக்கியமானதாகத் தோன்றுகிறது. ஆனால் பட்டியலில் எழுதிய மரம் அங்கே உண்மையிலேயே நின்றதா என்பதை உறுதிசெய்ய, ஜிபிஎஸ் கருவியோடு காட்டுக்குள் சென்று அடிக்கட்டையைச் சோதிக்கும் ஆய்வாளர் வேண்டும். 2019-இல் காடழிப்புக் கணக்கு அரசுக்குக் கசந்ததும் இன்பேயின் இயக்குநர் ரிக்கார்து கல்வாவ் பதவி இழந்தார். அப்படிப்பட்ட ஓர் அரசு இந்த ஆய்வாளர்களின் பணியிடங்களை நிரப்பாமல் விட்டாலே போதும், வேறு எதையும் நிறுத்த வேண்டியதில்லை.