படித்தது மறந்தது, பட்டது மறக்கவில்லை

முதல் முறை தேர்வு எழுதியபோது, மூன்றாவது கேள்விக்கான விடை என் நோட்டில் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தது. இடது பக்கம், பச்சை மையில் அடிக்கோடிட்ட இரண்டாவது பத்தி. அதில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் வரவில்லை. அந்தத் தேர்வில் நான் தேறவில்லை.

முடிவு வந்த அன்று, நெருங்கிய உறவினர் ஒருவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "படிச்சதே மண்டையில நிக்கல, இவனுக்கு இன்னொரு தடவை எதுக்கு?" அப்புறம் பல மாதங்களுக்குப் புத்தகத்தைத் திறந்தாலே அந்தக் குரல்தான். பாடம் நிற்கவில்லை, அவர் சொன்னது மட்டும் ஒரு எழுத்து குறையாமல் நின்றது.

இரண்டும் தனித்தனிப் பிரச்சினை என்றுதான் நினைத்திருந்தேன். காரணம் ஒன்றே என்று புரிய நாளானது. மனதிலிருந்து எதைத் திரும்பத் திரும்ப வெளியே எடுக்கிறோமோ அது வலுக்கிறது. பாடத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேனே தவிர, ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை. அந்த வாக்கியத்தையோ ஒரு நாளைக்கு இருபது முறை எடுத்தேன்.

முதலில் பாடத்தைச் சொல்கிறேன். படித்ததையே மறுபடி படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். தெருவில் தெரிந்த முகத்தைப் பார்க்கிறோம், பெயர் மட்டும் வரமாட்டேன் என்கிறது, அந்த மாதிரித் 'தெரிந்தது'தான் அது. தேர்வில் கேட்பது பெயரை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்களே அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். முந்தின இரவு முழுக்கப் படித்துவிட்டு "எல்லாம் வருகிறது" என்று நம்புவது ஏன் ஏமாற்றுகிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இரண்டாம் முறை, ஒரு பகுதியைப் படித்ததும் நோட்டை மூடினேன். வெள்ளைத்தாளில் நினைவில் இருப்பதை எழுதினேன். முதல் நாள் நாலு வரிதான் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் வராத இடம் எது என்று அந்தத் தாள் காட்டிக்கொடுத்தது. நோட்டைத் திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனாவால் நிரப்பினேன். மறுநாள் புதிய தாள், அப்புறம் நாலாம் நாள், பத்தாம் நாள். மூன்றாவது தாளில் சிவப்பு கொஞ்சம்தான் இருந்தது.

மறுநாளை மட்டும் தவறவிடாதீர்கள். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து மறதியை அளந்து 1885இல் வெளியிட்டார். ஒரு நாள் கழித்து அதே பட்டியலை மறுபடி மனப்பாடம் செய்தபோது, முதலில் பட்ட பாட்டில் சுமார் 34 சதவீதம்தான் மிச்சமானது. 31 நாள் கழித்துப் பார்த்தபோது 21 சதவீதம். பெரிய இழப்பெல்லாம் முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது.

படிக்கும் காலத்தில் சாவியை எங்கே வைத்தோம், இந்த அறைக்கு எதற்கு வந்தோம் என்பதெல்லாம் மறக்கும். நினைவாற்றலே போய்விட்டது என்று பயந்துவிடாதீர்கள். சாவியை வைக்கும்போது மனம் பாடத்தில் இருந்தது. பதியாத ஒன்று எப்படித் திரும்ப வரும்? ஹால் டிக்கெட், பேனா, அடையாள அட்டை மூன்றையும் முந்தின நாள் மாலையே ஒரே பையில் வைத்துவிடுங்கள். தூக்கத்தைக் குறைக்காதீர்கள், படித்தது ஊன்றுவதற்குத் தூக்கம் வேண்டும். மறதி அன்றாட வேலையையே முடக்கும் அளவுக்குப் போனால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்தது அந்தக் குரல். "நினைக்கவே கூடாது" என்று நான் பல்லைக் கடித்ததுதான் பெரிய தவறு. 1987இல் டேனியல் வெக்னரும் உடன் பணியாற்றியவர்களும், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொல்லி, நினைவு வந்தால் மணியடிக்கச் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, தொடக்கத்திலேயே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. ரஷ்ய ஆய்வாளர் லூரியா பல ஆண்டுகள் ஆராய்ந்த ஷெரெஷெவ்ஸ்கி, எதையும் எளிதில் மறக்க முடியாதவர். மனப்பாடம் செய்து இனி வேண்டாத எண்களைத் தாளில் எழுதி எரித்தும் பார்த்தார். கருகிய தாளிலும் எண்கள் தெரிந்தனவாம்.

அதனால் விரட்டுவதை விட்டேன். மாலையில் பதினைந்து நிமிடம் அதற்கென்று ஒதுக்கினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதி, கீழே என் பதிலையும் எழுதினேன். "படித்தது நிற்கவில்லை என்பது உண்மை, முறையை மாற்றிவிட்டேன். இன்னொரு தடவை எதற்கு என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும்." பகலில் படிக்கும்போது அது வந்தால், ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு விட்ட வரிக்கே திரும்பினேன். சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. முதல் வாரம் ஒரு பக்கத்தில் ஒன்பது புள்ளிகள். இரண்டு மாதத்தில் பல பக்கங்கள் புள்ளியே இல்லாமல் போயின.

இது அவமானச் சொல் போன்றவற்றுக்கு எனக்கு உதவிய வழி. வன்முறை, மரணம் போன்ற நினைவுகள் உங்களைத் துரத்தினால் தனியாகப் போராட வேண்டாம், மனநல ஆலோசகரிடம் போங்கள்.

இரண்டாம் தேர்விலும் ஒரு கேள்வியில் நின்றுவிட்டேன். அந்தக் குரலும் சரியாக அப்போது வந்தது. ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன், அரைப் பக்கம் இடம் விட்டேன், அடுத்த கேள்விக்குப் போனேன். அதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, சிவப்பு மையில் நான் நிரப்பியிருந்த தலைப்பு நினைவுக்கு வந்தது. மறப்பதற்குள் பென்சிலால் குறித்துக்கொண்டேன். மணி அடிக்க இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.