பள்ளக் கண்டத்தில் சம்பு நட்ட அனுபவம்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் வயல். அதன் வடிச்சல் வாய்க்கால் நேரே வாவியில்தான் போய் விழுகிறது. மாரிப் போகத்தில் யூரியா எறிந்த அன்றே மழை அடித்தால், பயிருக்குப் போட்டது வாவிக்குப் போய்ச் சேரும், பிறகு கரையோரமெல்லாம் பச்சைப் பாசி. ஒரு குழாய் வழியே கழிவு வந்தால் இன்னாருடையது என்று கையைக் காட்டலாம். இது எல்லோர் வயலிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வருவது, யாரைப் பிடிப்பது? சரி, என் பங்கையாவது மறிப்போம் என்று தொடங்கினேன்.

வருடா வருடம் நெல் அழுகும் பள்ளக் கண்டம், அதாவது தாழ்வான வயல் துண்டு, ஒன்று இருந்தது. அதில் 30 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம், 30 சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்கும்படி கிடங்கு வெட்டி, சம்பு என்னும் உயரமான நீர்க்கோரையை நட்டு, வடிச்சல் தண்ணீரை அதில் தங்கவைத்து வாவிக்கு விடுவதுதான் திட்டம். "வெள்ளாமை செய்யிற காணியில சம்பு நடப்போறியா மனே?" என்று மாமா கேட்டார். அவருக்குப் பதில் சொல்வது சுலபம், கமநல அலுவலகத்துக்குத்தான் கஷ்டம். வயற்காணியை வேறு தேவைக்கு மாற்ற 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும். மீன் வளர்ப்பா, குளமா என்று கேட்டே இரண்டு மாதம் போனது. கையால் கீறிய படமும், வயல்வெளித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் வட்டை விதானையின் கடிதமும் கொண்டுபோன பிறகுதான் வேலை நகர்ந்தது. படத்தை முதல் நாளே கொண்டுபோய்விடுங்கள்.

மழையில்லாத நாளில் வாய்க்காலில் 20 லீற்றர் வாளியைப் பிடித்தேன், நிரம்ப ஒரு நிமிடம். நாளுக்குக் கிட்டத்தட்ட 29 கன மீற்றர். வெட்டிய கிடங்கு கொள்வது 90 கன மீற்றர். தண்ணீர் மூன்று நாள் தங்கும் என்று கணக்குப் போட்டேன். நட்டு இரண்டு மாதம் கழித்து ஒரு பிடி பதரைத் தண்ணீர் உள்ளே வரும் வாசலில் தூவினால், அது சம்புக்கு நடுவே ஒரே கோடாக ஓடிப் பதினைந்து நிமிடத்தில் மறுமுனையில் நிற்கிறது! ஓரங்களில் தண்ணீர் அசையவே இல்லை. இடமும் வலமுமாக மாறி மாறி மூன்று குறுக்கு வரம்பு போட்டேன். மறுபடி தூவிய பதர் பொழுதுபட்டும் பாதி வழியில் வளைந்துகொண்டிருந்தது.

இந்தத் தாமதம்தான் எல்லாம். சம்பு உரத்தை உறிஞ்சுவது கொஞ்சம்தான். பெரிய வேலை சேற்றில் நடக்கிறது. வேரோரம் கசியும் ஒட்சிசனில் ஒரு வகைப் பக்ரீரியா யூரியாவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரேற்று ஆக்கும், காற்றே இல்லாத அடிச்சேற்றில் இன்னொரு வகை அதை நைதரசன் வாயுவாக மாற்றி மேலே அனுப்பிவிடும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். பொஸ்பரசு அப்படிப் பறக்காது, சேற்றில் ஒட்டிக்கொண்டே கிடக்கும், ஆகவே வாசலில் ஒரு சிறு கிடங்கு வெட்டி அங்கே படியும் மண்ணை அள்ளி வாழைக்குப் போடுகிறேன்.

மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் வாங்கும் அமோனியாச் சோதனைத் துளியில் பார்த்தேன்: யூரியா எறிந்த மூன்றாம் நாள் உள்ளே வரும் தண்ணீர் கடும் பச்சை, வெளியே போவது மஞ்சளை அண்டிய இளம்பச்சை. அன்று வரம்பில் உட்கார்ந்து அந்த இரண்டு குப்பியையும் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை அடைமழைக்கு இது தாங்காது. வரம்பு உடையாமலிருக்கப் பக்கவழியைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது, அந்தத் தண்ணீர் அப்படியே வாவிக்குப் போகிறது. மாமாவின் மூலைக்கண்டமும் சேர்ந்தால் அதில் பெரும்பகுதியை மறிக்கலாம். அகலத்துக்குச் சம்மதித்துவிட்டார், நீளத்துக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.