27 சதவீதம்: என் ஆய்வேட்டின் ஒப்புமை அறிக்கையைப் படித்த அனுபவம்

தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு குறித்து நான் ஆங்கிலத்தில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டை பிற எழுத்துகளோடு ஒத்துப்போகும் வரிகளைக் கண்டறியும் மென்பொருள் சோதனைக்கு நூலகத்தில் கொடுத்தபோது, 27 சதவீதம் ஒப்புமை என்று அச்சிட்ட ஒற்றைப் பக்கம் மட்டுமே திரும்பி வந்தது. அலுவலகத்தில் அதைப் பார்த்தவர்கள் "27 சதவீதம் காப்பி" என்றே பேசினார்கள். அந்தப் பேச்சு என்னை மிகவும் புண்படுத்தியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய படியைச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும்.

என் நெறியாளர் பதறவில்லை. "நம்பரை விடுங்கம்மா, எந்த வரி எதோட பொருந்துதுன்னு முதல்ல பாருங்க" என்றார். பொருந்தும் வரிகளை வண்ணமிட்டு, அவற்றின் மூலங்களையும் காட்டும் முழு அறிக்கையை எழுதிக் கேட்டு வாங்கினேன்.

அதில் முதலிடத்தில் இருந்த மூலம், இதே ஆய்விலிருந்து நான் முன்பே ஆய்விதழில் வெளியிட்டிருந்த கட்டுரை. அதை மேற்கோள் காட்டியிருந்தேன்; ஆய்வேட்டின் முகப்பிலும் குறிப்பிட்டிருந்தேன். தன் பழைய எழுத்தை உரிய மேற்கோளின்றி மறுபடியும் பயன்படுத்துவதை ஏற்க முடியாது என்று மானியக் குழு 2020 ஏப்ரலில் அறிவித்தது உண்மைதான். ஆனால் மேற்கோள் இருக்கிறதா, இல்லையா என்பதை மென்பொருள் எடைபோடுவதில்லை. சொற்கள் அதே வரிசையில் வேறெங்கோ இருப்பதை மட்டுமே அது காண்கிறது. அடுத்து வண்ணமிடப்பட்டிருந்தது குடிநீர் தர அட்டவணை. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, ஃபுளோரைடுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம், மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 என்று வரம்பு வகுத்திருக்கிறது. அதை நான் எந்தச் சொல்லால் மாற்றி எழுத முடியும்? மாதிரிகளைச் சேகரித்த முறை, கருவியை அளவுதிருத்தம் செய்த முறை ஆகியவற்றை விவரிக்கும் வாக்கியங்களும் இத்துறையில் எல்லோரும் எழுதும் வடிவிலேயே இருந்தன. இவை போதாதென்று, நூற்பட்டியல் முழுவதையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

மேற்கோளிட்ட பகுதிகள், நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, சட்டங்கள், தரப்படுத்தப்பட்ட குறியீடுகள், சமன்பாடுகள், தற்செயலாக ஒத்துப்போகும் பதினான்கு வரையிலான தொடர்ச்சொற்கள் ஆகியவற்றை விலக்கியே கணக்கிட வேண்டும் என்று அதே ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அந்த விலக்குகளைச் செய்து மறுபடியும் சோதிக்கும்படி, பக்க எண்களோடு விண்ணப்பித்தேன். முதலில் கொடுத்த பிரதி மென்பொருளின் களஞ்சியத்தில் சேர்க்கப்பட்டிருந்தால், இரண்டாம் முறை என் ஆய்வேடு தன்னோடு தானே பொருந்தி எண் எகிறிவிடும் என்பதால், அப்படிச் சேர்க்கப்படவில்லை என்பதையும் நூலகரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

காத்திருந்த நாட்களில் நலம் விரும்பிய பலரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: சொல் மாற்றும் மென்பொருளில் போட்டு எண்ணைக் குறைத்துவிடு. ஒரு பத்தியைப் போட்டுப் பார்த்தேன். கடின நீரைக் குறிக்கும் 'ஹார்ட் வாட்டர்' என்பது 'டிஃபிகல்ட் வாட்டர்' என்று வந்தது. சதவீதம் குறையும், அறிவியல் கெட்டுவிடும். நேர்மையாக எழுதியவரையே இப்படிப்பட்ட வழிக்குத் தள்ளுவது, அறிக்கையை எண்ணாக மட்டும் படிக்கும் பழக்கம்தான்.

என்னை உண்மையில் கலங்கவைத்தது அறிக்கையில் வண்ணமே படாத ஒரு பகுதி. பாறைகளிலிருந்து ஃபுளோரைடு நீரில் கரைவது குறித்து வேறோர் ஆய்வாளர் முன்வைத்த விளக்கத்தை, என் சொற்களில் எழுதி, அவர் பெயரைக் குறிப்பிட்டிருந்தேன். அந்தப் பெயரை நான் நீக்கியிருந்தாலும் அங்கே ஒப்புமை பூஜ்யமாகவே இருந்திருக்கும். கருத்துத் திருட்டு என்ற சொல்லுக்கு முழுமையாகப் பொருந்துவது அந்தச் செயல்தான். அதைக் கண்டுபிடிக்க, துறை இலக்கியத்தைப் படித்த ஒரு மனிதர் வேண்டும்.

தமிழ் ஆய்வேடுகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பில் மென்பொருளுக்குத் தெரிவது பொருளற்ற ரோமன் எழுத்துகள். ஒருங்குறியில் (யூனிகோடில்) இருக்கும் மூலத்தை அப்படியே நகலெடுத்தாலும் பொருத்தம் காட்டாது. மாறாக, சங்கப் பாடல்களை உள்தள்ளி முறையாக எடுத்தாண்டவருக்கு, மேற்கோள் குறி இல்லை என்பதற்காகவே எண் கூடிவிடலாம்.

மறுசோதனையில், சொந்தக் கட்டுரையைத் தனியே விலக்கிய பிறகு, 6 சதவீதம் என்று வந்தது. ஆய்வேட்டில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. எதை எதற்காக விலக்கினார்கள் என்ற குறிப்பில் நெறியாளரும் நூலகரும் கையொப்பமிட, அதை ஒப்புமைச் சோதனைச் சான்றிதழோடு இணைத்துச் சமர்ப்பித்தேன். இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் முதல் பக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். முழு அறிக்கையையும், சோதனையில் செய்த விலக்குகளின் விவரத்தையும் எழுத்துமூலம் கேளுங்கள்.