அயோவாவில் ஓர் ஈயச்சொம்பு

போன ஆகஸ்டில் மகளுக்கு இரண்டு வயதுச் செக்கப். கிளினிக்கில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, 'லெட் டெஸ்ட்' என்றார்கள். லெட் என்னும் நச்சு உலோகம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. அயோவா மாநிலத்தில் கின்டர்கார்டன் சேர்வதற்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒருமுறையாவது இதைப் பார்த்திருக்க வேண்டும் என்பது சட்டம். டெக்சாஸில் இருந்தபோது ஒரு வயதில் பார்த்ததில் ஒன்றுமில்லை என்று வந்திருந்தது. அதனால் வீட்டுக்கு வந்ததும் அதை மறந்தே போனேன்.

மறுநாள் காலை போன் வந்தது. எண் 24. டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே இந்த நாட்டில் கவனிக்க ஆரம்பித்துவிடுவார்கள். விரலில் எடுத்த ரத்தத்தில் தோலில் ஒட்டியிருக்கும் தூசும் கலந்திருக்கலாம், கை நரம்பில் எடுத்துப் பார்த்தால்தான் உறுதி என்றார்கள். குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீறிட்டு அழுதாள். இரண்டு நாள் கழித்து வந்த எண் 21. தப்புக் கணக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

அன்று இரவு நான் தூங்கவில்லை. லெட் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், நடந்த சேதத்தைத் திருப்ப முடியாது என்று படிக்கப் படிக்கக் கை நடுங்கியது. என் கணவர் சோளத்திலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையில் எஞ்சினியர். அந்த வேலைக்காகத்தான் பிப்ரவரியில் இந்த ஊருக்கு வந்தோம். சுற்றிலும் சோளக்கொல்லை. ஊருக்கு வெளியே 1920களில் கட்டிய மரவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். அமெரிக்காவில் வீடுகளுக்கு லெட் கலந்த பெயின்ட் அடிப்பதை 1978இல் தடை செய்தார்கள். அதற்கு முந்தைய வீடு என்றால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பெயின்டைத்தான். நானும் அப்படியே நினைத்தேன். ஜன்னல் சட்டத்தில் உரிந்து தொங்கிய வெள்ளைச் செதில்களைப் பார்த்து, இங்கே ஏன் வந்தோம் என்று அழுதேன்.

இந்த மாதிரி முடிவுகளை ஆய்வகம் சட்டப்படி மாநிலச் சுகாதாரத் துறைக்கு அனுப்பிவிடும். அங்கிருந்து கவுன்டிக்கு, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான நிர்வாகத்துக்கு, வரும். கவுன்டி பொதுச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டு, வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும், எந்த நாள் வசதி என்று கேட்டார். அம்மா அப்போது எங்களோடுதான் இருந்தாள், மார்ச்சில் வந்தவள். விஷயத்தைச் சொன்னதும், "கவர்மென்ட்ல இருந்து வராளா? குழந்தையைத் தூக்கிண்டு போயிடுவாளோ?" என்றாள். சொல்ல வெட்கமில்லை, எனக்கும் அதே பயம்தான். ஒரு வாரத்துக்கு வீட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

இப்படி ஒரு போன் வந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் வருவது குற்றம் கண்டுபிடிக்க அல்ல. வந்த நர்ஸ் விசா பற்றியோ வருமானம் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இது உங்கள் தப்பு இல்லை. எங்கிருந்து வருகிறது என்று சேர்ந்து தேடுவோம்" என்பதுதான் அவர் உட்காருவதற்கு முன் சொன்னது. அந்த அலுவலகத்தில் மொத்தமே ஆறேழு பேர். குழந்தைகளுக்குத் தடுப்பூசி, காசநோய் வந்தவர் தினமும் மாத்திரை போடுகிறாரா என்று பார்ப்பது, நடக்க முடியாத விவசாயிகளின் வீட்டுக்குப் போய் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது எல்லாம் அதே நாலு நர்ஸுகள். அன்று காலையில் ஒரு பள்ளியில் ஊசி போட்டுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். காலில் மழைச்சேறு. நாங்கள் சொல்லாமலே வாசலில் ஷூவைக் கழற்றினார். வீட்டுக்குள் செருப்பு போடாத எங்கள் பழக்கத்தைப் பாராட்டி, தெரு மண்ணோடு வரும் லெட் இதனாலேயே நிறையக் குறையும் என்றார்.

அவரோடு சூழல் சுகாதார ஆய்வாளர் ஒருவரும் வந்தார். கிணறு, கழிவுநீர்த் தொட்டி, வீட்டுப் பெயின்ட் எல்லாம் அவர் பொறுப்பு. துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ரே கருவியைச் சுவரில் வைத்து அழுத்தினால் சில நொடிகளில் திரையில் எண் வந்துவிடும், ஒரு துளி பெயின்ட்கூடச் சுரண்ட வேண்டாம். அறை அறையாகப் போனார். சுவர்கள் பரவாயில்லை. ஜன்னல் சட்டங்களிலும் பின்வாசல் நிலையிலும் லெட் இருந்தது. தரையையும் ஜன்னல் திண்டையும் ஈரக் காகிதத்தால் துடைத்து, அந்தத் தூசைக் குழாய்களில் போட்டு எடுத்துக்கொண்டார். எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். அதையும் பாட்டிலில் பிடித்தார். அயோவாவில் தனியார் கிணற்று நீரைச் சோதிக்கக் கவுன்டிகளுக்கு மாநிலம் பணம் கொடுக்கிறது, நாம் காசு கட்ட வேண்டியதில்லை. இதற்கு லெட் பிரச்சினை வரவேண்டும் என்பதில்லை. சோளக்கொல்லை உரத்தின் நைட்ரேட் கிணற்றில் இறங்கும் ஊர் இது, கைக்குழந்தை இருப்பவர்கள் கூப்பிட்டுச் சொன்னாலே போதும்.

ஜன்னல்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. நர்ஸ் மட்டும் விடவில்லை. நீளமான கேள்வித்தாள் ஒன்றை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே போனார். குழந்தைக்கு மை இடுவீர்களா? நாட்டு மருந்து கொடுப்பீர்களா? மஞ்சள்தூள் எங்கே வாங்கியது? குங்குமம்? களிமண் பாத்திரம்? வீட்டில் யாராவது துப்பாக்கி சுடும் பழக்கம் உள்ளவரா? நான் பதில் சொன்னேன், பொட்டலங்களை எடுத்து வைத்தேன். மஞ்சள்தூளில் ஒன்றுமில்லை. மையிலும் இல்லை. செந்தூரப் பொட்டலம் ஒன்றில் கருவி எண் காட்டியது. அதைக் குழந்தைக்கு இட்டதே இல்லை என்றாலும் தனியே எடுத்து வைத்தார்.

சமையல் யார் என்று கேட்டார். அம்மா என்றேன். "அப்படியென்றால் அவரிடம் பேச வேண்டும்." நான் மொழிபெயர்க்கிறேன் என்றதற்கு, "வேண்டாம், இன்றைக்கு நீங்கள் குழந்தையின் அம்மாவாக மட்டும் இருங்கள்" என்று சொல்லி, போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். கிராமத்துக் கவுன்டி, அதில் தமிழுக்கு ஆள் கிடைப்பார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. போனில் வந்த பெண்ணின் குரல் யாழ்ப்பாணத் தமிழ்.

"அம்மா, உங்கட வீட்டில ஈயம் கலந்த சாமான் ஏதும் இருக்குதோ?"

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இருக்கே. ஈயச்சொம்பு இருக்கு. அதுலதானே தெனமும் ரசம் வெக்கறேன்" என்று எழுந்து போய் சமையலறையிலிருந்து அதை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். அன்று காலை ரசத்தின் தக்காளித் தோல் ஒன்று உள்விளிம்பில் ஒட்டியிருந்தது.

நான் உறைந்துபோனேன். ஒரு வாரமாக 'லெட், லெட்' என்று ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கிலத்திலேயே பயந்துகொண்டிருந்திருக்கிறேன். அம்மாவிடம் "ரத்தத்துல ஏதோ உலோகம் கூடிப்போச்சாம்" என்று சொன்னேனே தவிர ஈயம் என்ற வார்த்தை என் வாயில் வரவே இல்லை. என் மனதில் ஈயச்சொம்பு என்றால் டின். அது தப்பும் அல்ல. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஈயம். வெள்ளீயம் டின், காரீயம் லெட். ரசத்துக்கான சொம்பு வெள்ளீயத்தில் இருக்க வேண்டும். அடுப்பில் வெறுமே வைத்தால் உருகி ஓடிவிடும், புளித்தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் ஏற்றணும் என்று பாட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். காரீயம் 327இல். அடுப்புச் சூட்டில் இரண்டுமே உருகிவிடும், அதனால் உருகுவதை வைத்து நல்ல ஈயம் என்று சொல்ல முடியாது.

ஆய்வாளர் சொம்பின் வயிற்றில் கருவியை வைத்தார். திரையைப் பார்த்தார். திருப்பி, அடியில் வைத்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வெள்ளீயம் பாதிகூட இல்லை. மீதியில் பெரும்பங்கு காரீயம். புளி, தக்காளி, எலுமிச்சை எல்லாம் புளிப்பு, கொதிக்கக் கொதிக்க அதைக் கரைத்து எடுக்கும் என்றார். ரசம் சாதம்தான் என் மகள் அடம்பிடிக்காமல் சாப்பிடும் ஒரே சாப்பாடு. தினம் இரண்டு வேளை.

அம்மா எதுவும் சொல்லவில்லை. அது அவள் எனக்காகத் தேடி வாங்கிவந்த புதுச் சொம்பு. "நாங்கல்லாம் இதுல சாப்பிட்டுத்தானே வளந்தோம்" என்று கொஞ்சநேரம் கழித்து மெல்லக் கேட்டாள். போனில் அந்தப் பெண் அதை அப்படியே நர்ஸிடம் சொன்னார். நர்ஸ் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். "என் சின்ன வயதில் இந்த நாட்டில் பெயின்டிலும் பெட்ரோலிலும் லெட் இருந்தது. எவ்வளவு வரை பரவாயில்லை என்று 1960களில் 60 சொன்னார்கள். 1991இல் 10. 2012இல் 5. இப்போது 3.5. எங்களுக்கும் தெரியத் தெரியத்தான் குறைத்தோம். உங்கள் அம்மாவின் சொம்பு நல்லதாகவே இருந்திருக்கலாம். இது நல்லதில்லை, அவ்வளவுதான்." அம்மா அழுதாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பெரியவர்கள் மூன்று பேரும் ரத்தம் கொடுங்கள் என்றார் ஆய்வாளர். அதன் காரணம் முடிவு வந்தபோது புரிந்தது. அம்மாவுக்கு 14, எனக்கு 12, என் கணவருக்கு 3. அவர் ரசம் தொடமாட்டார், தயிர்சாத ஆசாமி. ஜன்னல் தூசு என்றால் தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்குத்தான் ஏறும், பெரியவர்களுக்கு இப்படி ஏறாது. சாப்பாட்டில் இருந்து வந்திருப்பதால்தான் ரசம் குடித்தவர்களுக்கெல்லாம் ஏறியிருக்கிறது. ஜன்னலையும் விட்டுவிடவில்லை. வீட்டுக்காரருக்குக் கவுன்டியிலிருந்து கடிதம் போய், ஜன்னல்களை மாற்றினார்கள். கிணற்றுத் தண்ணீரில் லெட் இல்லை, நைட்ரேட்டும் வரம்புக்குள்தான்.

மருந்து கொடுத்து லெட்டை வெளியேற்றும் சிகிச்சை 45க்கு மேல் போனால்தான். இவளுக்கு மூலத்தை நிறுத்துவதும் சத்து ஏற்றுவதும்தான் வைத்தியம். இரும்புச்சத்தும் குறைவாக இருந்தது, அது குறைந்தால் உடம்பு லெட்டை இன்னும் அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்று டாக்டர் சொட்டு மருந்து எழுதினார். கால்சியமும் வேண்டும், பால், தயிர் கொடுங்கள் என்ற நர்ஸிடம் கேழ்வரகுக் கூழைக் காட்டினோம். அதன் கால்சியக் கணக்கை அலுவலகத்தில் பார்த்துவிட்டு மறுநாள் கூப்பிட்டு, "இதையே கொடுங்கள்" என்றார். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார், சாப்பிடும் முன் ஒவ்வொரு தடவையும் கை கழுவச் சொன்னார்.

சொம்பைக் குப்பையில் போடக்கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. பழைய பெயின்ட், பூச்சிமருந்து எல்லாம் வாங்கிக்கொள்ளும் சேகரிப்பு மையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அம்மாவே காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். ஊருக்குப் போனதும் முதல் வேலையாகத் தன் தங்கைகள் இருவரையும் கூப்பிட்டு, எப்போது வாங்கிய சொம்பு, யாரிடம் வாங்கியது என்று விசாரித்திருக்கிறாள்.

சென்னையிலோ கும்பகோணத்திலோ இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். கடையில் 'சுத்த ஈயம்' என்று சொன்னால் எந்த ஈயம் என்று கேளுங்கள். கண்ணால் பார்த்தோ தட்டிப் பார்த்தோ தெரியாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், சோதித்துப் பார்க்கும்வரை ரசத்தை எவர்சில்வரில் வையுங்கள். வாசனை கொஞ்சம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். அலுமினியக் குக்கர், சட்டிகள் பற்றியும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025இல் எச்சரித்திருக்கிறது, இந்தியாவிலிருந்து வரும் இண்டாலியப் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து ஈயம் இறங்குகிறது என்று. நான் என்னுடையதையும் ஓரம்கட்டிவிட்டேன்.

செப்டம்பரில் 16, அக்டோபரில் 12, ஜனவரியில் 8. எலும்பில் போய்த் தங்கியது மெல்ல மெல்லத்தான் இறங்கும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் எண் வந்தவுடன் கிளினிக்குக்கு முன்னால் நர்ஸ்தான் கூப்பிடுவார். ஜனவரியில் வந்தபோது தன் கேள்வித்தாளின் பாத்திரங்கள் பகுதியைத் திறந்து என்னிடம் பேனாவைக் கொடுத்தார். அந்தச் சொல்லைத் தமிழிலும் பக்கத்தில் ஆங்கில எழுத்திலும் எழுதச் சொன்னார். எழுதினேன். இரண்டு முறை உச்சரித்துப் பார்த்தார், மூன்றாம் முறை 'ழ' இல்லாத சொல் என்பதாலோ என்னவோ சரியாகவே வந்தது. அடுத்த ரத்தம் ஏப்ரலில்.